ஆய்வு வடிவமைப்பில் உதவி வேண்டும்: பீடி சுற்றும் பெண்களுக்குக் கால் பராமரிப்பு

வணக்கம் சிஸ்டர்ஸ், அண்ணன்மார்களே. வேலூரில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பழக்கம் மாறுகிறதா என்பதுதான் என் ஆய்வு.

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு வேலை செய்கிறவர்கள். சர்க்கரையால் பாதம் மரத்தாலும், உட்கார்ந்ததால்தான் என்று விட்டுவிடுகிறார்கள். கால் விரலை வெட்டி எடுத்த பிறகு வார்டில் பார்ப்பதற்கு முன்பே இவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

10 கிராம் மோனோஃபிலமெண்ட் (பாதத்தில் அழுத்திப் பார்க்கும் மெல்லிய நைலான் இழை) வைத்து உணர்ச்சி பார்ப்பது பழக்கம்தான். சிக்கல் வேறு. ஒரே திண்ணையில் சேர்ந்து உட்காரும் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தால், ஒருவருக்குச் சொன்னது மாலைக்குள் மற்றவருக்கும் போய்விடும். அதனால் ஆளுக்கு ஆள் பிரிக்காமல் தெருத்தெருவாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மாதிரி அளவு (ஆய்வில் சேர்க்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை) கூடுமே! டிசைன் எஃபெக்டை, அதாவது அது எத்தனை மடங்கு கூடும் என்பதை, எப்படிக் கணக்கிட்டீர்கள்? முதுநிலை ஆய்வுக்குள் இது முடிகிற காரியமா?

அப்புறம், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆய்வில் சேரச் சம்மதித்துக் கைநாட்டு வைக்கும்போது தொடர்பில்லாத சாட்சி ஒருவர் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறை சொல்கிறது. வேலை கொடுக்கும் பீடி ஏஜென்டைச் சாட்சியாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எதிரில் யார் மாட்டேன் என்பார்கள்? நீங்கள் யாரை வைத்தீர்கள்?

கிராமத்தில் ஆய்வு செய்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள், ப்ளீஸ்.