55 வயதுக்கு மேல் ஹாஃப் மாரத்தான்: நடுநடுவே நடப்பதா, நிற்காமல் ஓடுவதா?

கடலோரன்:
நேற்றைய சென்னை ஹாஃப் மாரத்தான் (21.1 கி.மீ.) பற்றி 55ஐத் தாண்டியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஆள்தான் வேறு, விஷயம் ஒன்றுதான். 15 கி.மீ. வரை நினைத்த பேஸ் (ஒரு கி.மீ.க்கு ஆகும் நேரம்) வந்தது, அதற்குப் பிறகு தொடை இறுகியது, கடைசி 5 கி.மீ. பாதிக்கு மேல் நடை.

எப்படியும் நடக்கத்தான் போகிறோம் என்றால் அந்த நடையை முதல் கிலோமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் வேக நடை, சுருக்கமாக 4:1. இது புது வித்தையல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே புதிதாக ஓட வந்தவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

கணக்கைப் பாருங்கள். கி.மீ.க்கு 6:40 (6 நிமிடம் 40 விநாடி) பேஸில் 4 நிமிடம் ஓடினால் 600 மீட்டர். கி.மீ.க்கு 10 நிமிடம் என்ற வேகத்தில் 1 நிமிடம் நடந்தால் 100 மீட்டர். ஆக 5 நிமிடத்தில் 700 மீட்டர், சராசரி 7:08. 21.1 கி.மீ.க்கு 2 மணி 31 நிமிடத்துக்குள் முடிகிறது. களைத்து நடை 12 நிமிட வேகத்துக்குத் தொய்ந்தாலும் 2:35க்குள் வந்துவிடலாம். அதாவது நடை தொய்வதால் போவது நாலு நிமிடம் கூட இல்லை. 16வது கி.மீ.யில் உடைந்து போகிறவர் இழப்பது கால் மணி நேரம்.

நேர்கோடு:
கணக்கு சரி சார், அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. சராசரி 7:08 என்றால் முதலிலிருந்தே 7:08ல் நிற்காமல் ஓடலாமே? அதே நேரத்தில் முடியும். 16வது கி.மீ.யில் உடைந்தவர்கள் நடக்காததால் உடையவில்லை. 7:10 ஓட வேண்டியவர்கள் முதல் 5 கி.மீ.யைக் கூட்டத்தோடு சேர்ந்து 6:30ல் ஓடியதால் உடைந்தார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு.

இன்னொன்று. 50க்கு மேல் பலருக்கு முதலில் மக்கர் செய்வது கெண்டைக்காலும் குதிநாணும்தான். அவற்றை வாட்டுவது வேகம். 7:08ல் சீராகப் போகிற காலை, 6:40ல் ஓடு, நில், மறுபடி 6:40 என்று இருபத்தைந்து முப்பது முறை முடுக்கினால் குதிநாணுக்கு என்ன லாபம்?

கனடாவின் எட் விட்லாக் 2004ல் டொராண்டோவில் தன் 73வது வயதில் முழு மாரத்தானை 2:54:48ல் முடித்தார். அவருடைய பயிற்சி என்ன? வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவான, நிற்காத ஓட்டம். காலைத் தூக்காமல் தேய்த்தபடி போகிற நடையோட்டம் மாதிரி. வயதானவர்கள் கற்க வேண்டியது அதை.

கடலோரன்:
விட்லாக் பழகிய மில்டன் நகரத்துக் காற்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் நேர்கோடு சார், ஒப்புக்கொள்கிறேன். இங்கே தை மாத விடியலில் 22 டிகிரி என்று ஃபோன் காட்டும், ஆனால் ஈரப்பதம் 85க்கு மேல். வேர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. வழிகிற வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, அதே பேஸுக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் 10, 15 துடிப்பு ஏறுவது சாதாரணம். ஆறரை மணிக்குச் சூரியனும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நடை இந்த ஏற்றத்தை உடைக்கிறது.

நேர்கோடு:
அதைத்தான் கேட்கிறேன், எவ்வளவு உடைக்கிறது? உங்கள் 4:1 கணக்கிலேயே 700 மீட்டரில் 100 மீட்டர்தான் நடை. 21 கி.மீ.க்கு 3 கி.மீ. ஒரு கி.மீ. ஓடினால் கிலோ எடைக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவு, பேஸ் எதுவானாலும் பெரிய மாற்றமில்லை. வேக நடைக்கு அதில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழில் ஒரு பங்கு தூரத்தில் கால் பங்கு மிச்சம் என்றால் மொத்தத்தில் மூன்று, நான்கு சதவீதம். உடம்பில் உண்டாகும் சூடும் அந்த அளவுதான் குறையும். வெக்கைக்கு மருந்து மெதுவாக ஓடுவது. நடை அல்ல.

கடலோரன்:
சூட்டுக் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயம். அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். தசையைப் பற்றிச் சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 165 அடி என்றால் 150 நிமிடத் தொடர் ஓட்டத்தில் 24,750 அடி. ஒவ்வொன்றிலும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் காலில் இறங்கும். 4:1ல் ஓடுவது 120 நிமிடம், 19,800 அடி. மீதி 30 நிமிடம் நடை, அதில் ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் இறங்குவது எடையை விடக் கொஞ்சம்தான் கூடுதல். ஐயாயிரம் மோதல் குறைகிறது. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அந்தச் சிதைவுதான் 16வது கி.மீ.யில் தொடை இறுகுவதாகத் தெரிகிறது. 30 வயதில் இரண்டு நாளில் சரியாகிற சிதைவு 60ல் ஒரு வாரம் கேட்கும். திங்கள்கிழமை மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

பேசர்_கோவை:
2:30 மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் பின்தொடர 2:30 பேனர் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் என்ற முறையில் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். எந்த முறை என்பது அப்புறம், 4:1 ஓடுகிறவர்கள் சாலை நடுவில் சட்டென்று நிற்பதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. பின்னால் வருகிறவர் முதுகில் மோதுகிறார், இருட்டில் இன்னும் மோசம். நடக்கப் போவதற்கு ஐந்தாறு அடி முன்னாலேயே கையைத் தூக்குங்கள், ஓரம் ஒதுங்குங்கள், பிறகு வேகத்தைக் குறையுங்கள். மூன்று பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நடக்கவே கூடாது.

தண்ணீர் மேசையும் நடை நேரமும் ஒன்றாக விழாது. மேசை வந்தால் அங்கே நடந்து, கடிகாரத்தின் அடுத்த நடையை விட்டுவிடுங்கள். இரண்டையும் எடுத்தால் கி.மீ. 7:30க்கு மேல் போய்விடும், அதை ஈடுகட்ட அடுத்த 4 நிமிடத்தை 6:15ல் ஓடுவார்கள். 4:1 முறையில் நான் பார்க்கிற தோல்வி பெரும்பாலும் இதுதான்.

நேர்கோடு:
இது நான் சொல்ல நினைத்ததே, பேசர் தம்பி. நடந்த குற்ற உணர்ச்சியில் ஓட்டத்தை முடுக்குவார்கள். தொடர் ஓட்டத்தில் அந்தச் சபலமே இல்லை.

மருந்துக்கடை_திருச்சி:
இரண்டு தரப்பும் இதயத் துடிப்பை வைத்தே பேசுகிறீர்கள். நம் வயதில் பாதிப் பேருக்குக் காலையில் ஒரு மாத்திரையாவது உண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் பேச முடியாது.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனலால், மெட்டோபிரலால் வகை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு மேலே ஏறவே விடாது. உச்சத் துடிப்பைக் கணிக்க 220ல் வயதைக் கழிப்பது, 2001ல் வந்த 208 கழித்தல் வயதில் 0.7 மடங்கு என்ற சூத்திரம், எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. 60 வயதுக்கு முதல் கணக்கு 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. மாத்திரை போட்டவர் முழு மூச்சில் ஓடும்போதே 130தான் காட்டலாம். கடிகாரம் பச்சை வண்ணம் காட்டுகிறது என்று நம்பி முடுக்காதீர்கள். பேச்சுச் சோதனைதான் கை கொடுக்கும்: மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் சேர்ந்த மாத்திரை என்றால் சிறுநீரோடு சோடியமும் போகும். பல கூட்டு மாத்திரைகளில் கடைசி வரியாகச் சின்ன எழுத்தில் இருக்கும், அட்டையைப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டும். போட்டியன்று எந்த வேளையை எப்போது என்பதை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முட்டி வலிக்கும் என்று ஓட்டத்துக்கு முன்னால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடுகிற பழக்கம் மிகவும் ஆபத்து. உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது.

வைகைக்கரை:
சோடியம் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எல்லாரும் "ஒவ்வொரு மேசையிலும் குடி, தாகம் வருமுன் குடி" என்றுதான் சொல்லித் தருகிறார்கள். 52 கிலோ எடை உள்ள பெண்ணுக்கும் 80 கிலோ ஆணுக்கும் ஒரே 200 மில்லி பாட்டிலா? பத்து மேசை என்றால் இரண்டு லிட்டர். மெதுவாக ஓடும் ஒல்லியான உடம்பு மணிக்கு 600, 700 மில்லிதான் வேர்க்கும். 2:45ல் முடிக்கிறவர் வேர்த்த அளவுக்கும் மேலே குடித்திருப்பார். நடந்து நடந்து ஓடும் முறையில் மேசையில் நின்று நிதானமாகக் குடிக்க முடிகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள், அதுவே வினையாகிவிடாதா?

மருந்துக்கடை_திருச்சி:
வைகைக்கரை மேடம், நீங்கள் பயப்படுவது வாஸ்தவம். அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்குக் கீழே, அதாவது குறைவாக இருந்தது. அந்த ஆய்வு 2005ல் வெளியானது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும் 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுமே அதில் அதிகம். ஹாஃப் அவ்வளவு நீளமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் ஓடுபவர், கூடவே தயசைடு மாத்திரை என்றால் அலட்சியம் கூடாது. மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், பேச்சு குழறுவது: இவை வந்தால் மேற்கொண்டு தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் பெரிய தவறு.

தாகத்துக்குக் குடித்தால் போதும். உங்கள் வேர்வை அளவு தெரிய வேண்டுமா? சிறுநீர் கழித்துவிட்டு ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் போட்டி பேஸில் ஓடுங்கள். துடைத்துவிட்டு மறுபடி எடை. 58.0 கிலோ 57.3 ஆகி, நடுவில் 200 மில்லி குடித்திருந்தால், வேர்வை மணிக்கு 900 மில்லி. அதற்கு மேல் குடிக்கவே கூடாது. ஓடி முடித்ததும் எடை கொஞ்சம் குறைந்திருப்பதுதான் சரி.

ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், பந்தயப் பானங்களில் பொதுவாக 20 அளவில்தான். ரத்தத்தில் 140. ஆகவே ஓ.ஆர்.எஸ். என்றாலும் அளவு மீறினால் ரத்தத்தை நீர்க்கவே செய்யும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்துக் குடிப்பதும் வேண்டாம், வயிறு கலக்கும்.

நேர்கோடு:
பயனுள்ள தகவல், நன்றி. மூல விஷயத்துக்கு வருகிறேன். கடலோரன் சொன்ன ஐயாயிரம் மோதலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிதைவைத் தாங்கத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதுதான் வழி. ஞாயிறு லாங் ரன்னிலும் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) நடந்து பழகுகிறவருக்குத் தொடை எப்போது பழகும்? பத்து வாரம் 7:30, 7:45 பேஸில் நிற்காமல் 12லிருந்து 18 கி.மீ. வரை ஏற்றுங்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வாரம் இருமுறை படிக்கட்டு விளிம்பில் குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று. அப்புறம் போட்டியில் முதல் 5 கி.மீ.யை 7:20ல் ஓடுங்கள். நடை வேண்டுமா என்று 18வது கி.மீ.யில் கேட்டுக்கொள்ளலாம்.

கடலோரன்:
வாரம் நாலு நாள் ஓட முடிகிறவருக்கு உங்கள் திட்டம் நல்ல திட்டம். வாரம் இரண்டே நாள் ஓடி, முட்டியும் கொஞ்சம் தேய்ந்திருக்கிற 62 வயதுக்காரருக்கு 18 கி.மீ. தொடர் ஓட்டமே காயத்தில் கொண்டுபோய் விடும். அவருக்காகத்தான் நான் வாதாடுகிறேன், இன்னும் வாதாடுவேன்.

நீங்கள் சொன்ன முடுக்கல் பிரச்சினைக்கு ஒரு வழி உண்டு. 4:1க்குப் பதில் 2 நிமிடம் ஓட்டம், 30 விநாடி நடை. விகிதம் அதேதான், சராசரியும் அதே 7:08. ஓட்டம் குறுகுவதால் ஒவ்வொரு தடவையும் மூச்சு அவ்வளவு ஏறாது, 30 விநாடி நடையில் கால் இறுகவும் நேரமில்லை.

வைகைக்கரை:
30 விநாடியை எப்படிப் பார்த்துக்கொண்டே ஓடுவது கடலோரன் சார்? இருட்டில் கண்ணாடி இல்லாமல் கடிகார எண்ணே தெரியாது.

கடலோரன்:
பார்க்கத் தேவையில்லை மேடம். ஓட்டக் கடிகாரங்களில் இன்டர்வல் என்று இருக்கும். ஓட்டம் 2:00, நடை 0:30, சுற்று 65 என்று வையுங்கள், 2 மணி 40 நிமிடத்துக்கு மேல் தாங்கும். ஒலியை அணைத்து அதிர்வை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஓடுகிறவர் கடிகாரம் கத்தினாலும் நீங்கள் நிற்பீர்கள். அதிர்ந்ததும் பிரேக் போட்ட மாதிரி நிற்காமல் நாலைந்து அடியில் வேகத்தைத் தணித்து நடைக்கு வாருங்கள், கிளம்பும்போதும் அப்படியே சின்ன அடியாகத் தொடங்குங்கள். 18 கி.மீ. தாண்டி இன்னும் தெம்பிருந்தால் நடையை விட்டுவிட்டு ஓடலாம். முதல் இரண்டு கி.மீ.யில் மட்டும் எவ்வளவு தெம்பிருந்தாலும் ஒரு நடையையும் விடாதீர்கள்.

நேர்கோடு:
மேடம், இரண்டு வார ஞாயிறுகளில் 10 கி.மீ. தூரத்தை ஒருமுறை அவர் முறையிலும் ஒருமுறை 7:08 தொடர் ஓட்டத்திலும் ஓடிப் பாருங்கள். அதே சாலை, அதே நேரம். மறுநாள் காலை படி இறங்கும்போது தொடை எப்படி இருக்கிறது என்பதையும் கடைசி கி.மீ. துடிப்பையும் குறித்து இங்கே போடுங்கள். அதை வைத்து மேலே பேசுவோம்.