ஒரு நாளும் லீவு போடாதவர் பரிசு

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பதைவிடப் பலத்த கைதட்டல் ‘ஒரு நாளும் லீவு போடாதவர்’ பரிசுக்குத்தான். பளபளவென்று ஒரு கோப்பை, மேடையில் பெற்றோரோடு போட்டோ. நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. அந்தக் கோப்பை பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு மாணவிக்குப் பொன்னுக்கு வீங்கி. காதுக்குக் கீழே பற்றுப் போட்டு, தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். எச்சில் வழியாகவும் மூச்சு வழியாகவும் பரவும் நோய். வீக்கம் கண்டபின் ஐந்து நாளாவது தனியாக இருக்க வேண்டும். “ஏன்மா வந்தே?” என்றேன். “பரிசு போயிரும் டீச்சர்” என்றாள். வீட்டுக்கு அனுப்பினால், சாயங்காலம் அவள் அம்மா வந்து நிற்கிறார்: “அட்டெண்டன்ஸ் மட்டும் போட்டுடுங்க டீச்சர், இதுவரைக்கும் லீவே போடல.” நான் போடவில்லை. அதற்கப்புறம் தலைவலி, மாமா வீட்டு விசேஷம் என்று அடிக்கடி லீவு. ஒரு நாள் விட்டாலே கோப்பை இல்லை எனும்போது, மீதி நாட்களுக்கு அவள் ஏன் மெனக்கெட வேண்டும்?

கலிஃபோர்னியாவில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,329 மாணவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். முழு வருகைக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னதால் வருகை கூடவில்லை. முன்பு ஏதோ ஒரு மாதம் முழுவதும் வந்ததற்காக எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களோ பிறகு கூடுதலாக லீவு எடுத்தார்கள். ‘மற்றவர்களைவிட நாம் அதிகமாகவே வந்துவிட்டோம், பள்ளி இவ்வளவு எதிர்பார்க்கவில்லை போல’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். என் வகுப்பை நினைத்தால் அது சரி என்றே படுகிறது.

அதற்காகப் பாராட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் பையன் ஒருவன் மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளுவான். ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும், “இன்னிக்கு ஒவ்வொரு செய்திக்கும் நடுவுல நிறுத்திப் படிச்சே, கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மணி அடிக்கும் முன்பே வந்து, வராந்தாவில் பேப்பரை விரித்துச் சத்தமாக வாசித்துப் பழகுகிறான். எதைச் சரியாகச் செய்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வருடமும் கோப்பை உண்டாம். டாக்டர் சீட்டு உள்ள நாட்களையாவது லீவாக எண்ண வேண்டாம் என்று அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் பள்ளியில் இதை மாற்றிப் பார்த்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.