944 ஆக்சில் போல்ட் தானாகக் கழல்கிறது: லாக்டைட் போடலாமா, கூடாதா?

நாலுசிலிண்டர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1986 போர்ஷே 944, டர்போ இல்லாதது. பின் ஆக்சிலின் சிவி ஜாயின்ட் (ஆக்சில் கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) போல்ட்டுகள் கழன்றுகொண்டே இருக்கின்றன. ஜாயின்ட்டுக்கு ஆறு வீதம் மொத்தம் 24 எம்8 (8 மி.மீ. மரை) போல்ட். பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) மாற்றியபோது எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து 42 நியூட்டன் மீட்டருக்குத்தான் முடுக்கினேன். 600 கி.மீ. கூட ஓடியிருக்காது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம். அடியில் படுத்துப் பார்த்தால் இடப்பக்க உள் ஜாயின்ட்டில் இரண்டு போல்ட் விரலுக்கே சுற்றுகிறது. மறுபடி முடுக்கினேன், மறுபடி அதே கதை. பேசாமல் லாக்டைட் (மரையை இறுகவைக்கும் பசை) போட்டுவிடலாமா?

கிரீஸ்கை:
போடுங்க சார், இதுல யோசிக்க என்ன இருக்கு? நீலக் கலர் 243. லேசா எண்ணெய்ப்பசை இருந்தாலும் பிடிக்கும். மரையில ரெண்டு சொட்டு, முடுக்கி ஒரு நாள் வண்டியை எடுக்காம விடுங்க. நான் கை வச்ச ஆக்சில் எதுவும் இதுக்காகத் திரும்பி வந்ததில்ல. கழட்டணும்னா சாதா ஸ்பேனர் வேகத்துக்கே வந்துடும்.

டார்க் தாத்தா:
காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுக்கிற கதை இது. அந்த ஜாயின்ட்டை இன்ஜினின் முறுக்கோடு சேர்த்துச் சுமப்பது போல்ட்டின் தண்டு அல்ல. ஆறு போல்ட்டும் சேர்ந்து இரண்டு இரும்பு முகங்களை அழுத்திப் பிடிக்கின்றன, அந்த முகங்களுக்கு இடையிலான உராய்வுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. முகம் ஒரு மயிரிழை வழுக்கினாலும் போல்ட் இப்படியும் அப்படியும் ஆடும். ஆடுகிற போல்ட் தானாகத் திரும்பும். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதித்துக் காட்டியது இதைத்தான்: போல்ட்டை நீளவாக்கில் இழுத்து இழுத்து விடுவதைவிட, குறுக்கே ஆட்டுவதுதான் மிக வேகமாகக் கழற்றும்.

இப்போது தம்பியின் ஜாயின்ட்டை நினைத்துப் பாருங்கள். போல்ட் போகிற துளைகள் ஜாயின்ட்டின் உடம்பு வழியாகவே போகின்றன. புது பூட், புது கிரீஸ், தாராளமாக அப்பியிருப்பார். அது கசிந்து முகத்துக்கு நடுவில் வந்திருக்கும். கழற்றி, இரண்டு முகத்தையும் எண்ணெய்ப்பசையே இல்லாமல் துடையுங்கள். பிரேக் கிளீனரை ஜாயின்ட்டுக்குள் பீய்ச்சிவிடாதீர்கள், துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். முகங்களுக்கு நடுவில் காகித கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) இருந்தால் தூக்கிப் போடுங்கள். அது நசுங்க நசுங்க போல்ட்டின் இழுவிசை போய்விடும்.

கம்பிகட்டி:
ரேஸ் ஓட்டும் நாங்கள் போல்ட் தலையில் ஓட்டை போட்டு லாக் கம்பி கட்டிவிடுவோம். தலைவலி தீர்ந்தது.

டார்க் தாத்தா:
கம்பி போல்ட்டைத் தொலைய விடாது, அவ்வளவே. இழுவிசை போன பிறகும் போல்ட் கூண்டுக்கிளி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஜாயின்ட் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

கம்பிகட்டி:
தொலையாமல் இருந்தால் ஆக்சில் சாலையில் அறுந்து விழாது அய்யா. கடைசிப் பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா?

கிரீஸ்கை:
தாத்தா, படிச்சவர் பேசறீங்க, சரி. ஆனா கார் அடியில மல்லாந்து படுத்து, எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன் போட்டு, கண்ணுல தூசி விழ முடுக்கும்போது முகம் அவ்வளவு சுத்தமா இருக்குமா? மனுஷன் வேலை செய்யறான், லேப் இல்ல. அதுக்குத்தான் லாக்டைட். மரைக்கு நடுவுல காத்து போனதும் இறுகுது, போல்ட் திரும்ப முடியாது. திரும்பாத போல்ட் எப்படிக் கழலும்?

டார்க் தாத்தா:
திரும்பாமலே தளரும். கேஸ்கெட் நசுங்கினால், பெயின்ட் நசுங்கினால், தலைக்கடியில் துரு பொடிந்தால், போல்ட் ஒரு டிகிரிகூடத் திரும்பாமல் இழுவிசை பாதியாகும். எம்8 போல்ட் நீளும் அளவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம்தானே? லாக்டைட் அந்தத் தளர்வைப் பத்திரமாகப் பாதுகாத்து வைக்கும். ‘டக்’ சத்தமும் வராது, போல்ட் மெல்லத் தேய்ந்து ஒருநாள் தலை துண்டாகும்.

கணக்கும் போடலாம். 42 நியூட்டன் மீட்டருக்கு ஒரு எம்8 போல்ட் தோராயமாக 25 கிலோநியூட்டன் இழுக்கும், அதாவது இரண்டரை டன். ஆறுக்கும் 15 டன். போல்ட் வட்டத்தின் ஆரம் 43 மி.மீ., சுத்தமான முகத்தின் உராய்வு 0.15 என்றால், சுமார் 970 நியூட்டன் மீட்டர் வரை வழுக்காது. கிரீஸ் புகுந்து 0.08 ஆனால் 520க்குக் கீழே போய்விடும்.

சந்தேகி:
தாத்தா கணக்கிலேயே ஓட்டை இருக்கிறதே! 944இன் 2.5 லிட்டர் இன்ஜின் 205 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 3.6, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பல்சக்கரம்) 3.89. பெருக்கினால் 2870, பக்கத்துக்கு 1435. சுத்தமான முகமும் 970இல் வழுக்கிவிடுமே? அப்படியானால் தொழிற்சாலையிலிருந்து வந்த எல்லா 944உம் சாலையில் கிடக்க வேண்டும்.

டார்க் தாத்தா:
நல்ல கேள்வி, பதில் டயரில் இருக்கிறது. வண்டி சுமார் 1200 கிலோ. கிளம்பும்போது பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 330 கிலோ அளவுக்குச் சுமை. டயர் ஆரம் 31 செ.மீ., பிடிப்பு 1 என்று தாராளமாக வைத்தாலும் 1000 நியூட்டன் மீட்டர்தான் வரும். அதற்கு மேல் போனால் டயர் சறுக்கிவிடும், ஆக்சிலுக்கு 1435 போய்ச் சேராது.

சந்தேகி:
அப்போதும் 970க்கு எதிரே 1000. ஒட்டி உரசிக்கொண்டுதான் நிற்கிறது.

டார்க் தாத்தா:
ஆம், நான் எடுத்த 0.15 குறைந்தபட்ச மதிப்பு. எண்ணெயே இல்லாத இரும்பு முகம் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். ஆனாலும் தாங்கும் அளவுக்கும் வரும் பாரத்துக்கும் இடையிலான விளிம்பு மெல்லியது என்பதை மறுக்கவில்லை. அந்த மெல்லிய விளிம்பில் கிரீஸ் தடவினால் என்ன ஆகும் என்பதுதான் என் பேச்சு.

கிரீஸ்கை:
விளிம்பு மெல்லிசுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ கூட ஒரு பிடிமானம் இருந்தா தப்பா?

டார்க் தாத்தா:
தப்பில்லை. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. புதிதாக மாட்டிய ஜாயின்ட்டை நூறு, இருநூறு கி.மீ. ஓடிய பின் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும், முகங்கள் படிந்து உட்காரும் என்பதால். இறுகிப்போன லாக்டைட்டை நீங்கள் மறுபடி முடுக்கினால் அந்தப் பிடியே உடையும். ஆகவே முதலில் வெறும் போல்ட், ஓட்டிப் படியவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி லாக்டைட் போடுங்கள். அதற்கு எனக்கு ஆட்சேபமில்லை. சிவப்பு 271 மட்டும் வேண்டாம். கழற்ற 250 டிகிரி சூடு காட்ட வேண்டும், பக்கத்திலேயே ரப்பர் பூட்.

கிரீஸ்கை:
இந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெரிசு.

சந்தேகி:
ஸ்பிரிங் வாஷர் பற்றி யாரும் பேசவில்லையே?

டார்க் தாத்தா:
சுருள் ஸ்பிரிங் வாஷர் இந்த போல்ட்டின் இழுவிசைக்கு முன்னால் தட்டையாகப் படுத்துவிடும். ஜெர்மன் தரநிலை டிஐஎன் 127 அதற்காகத்தான் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு பக்கமும் பல் உள்ள கூம்பு வாஷரோ, ஆப்பு வாஷரோ வேறு ரகம், அவை பயன்படும்.

நாலுசிலிண்டர்:
எல்லோருக்கும் நன்றி. எல்லா ஜாயின்ட்டையும் கழற்றினேன். தாத்தா சொன்னபடி முகத்தில் கிரீஸ் இருந்தது, ஒன்றில் காகித கேஸ்கெட்டும் இருந்தது. துடைத்து, புது 12.9 (உயர் வலிமைத் தரம்) போல்ட், தலையின் பன்னிரண்டு முனைக் குழியில் இருந்த அழுக்கைக் குத்தி எடுத்து, கருவியைத் தட்டி உட்காரவைத்து, எதிரெதிராக முதலில் 20, பிறகு 42. ஒவ்வொரு தலைக்கும் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். லாக்டைட் இன்னும் போடவில்லை.

நாலுசிலிண்டர் (200 கி.மீ.க்குப் பின்):
22 கோடு நேராக இருக்கிறது. இடப்பக்க உள் ஜாயின்ட்டில் இரண்டு மட்டும் விலகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து போல்ட்.

கிரீஸ்கை:
சொன்னேனா இல்லையா.

டார்க் தாத்தா:
பக்கத்துப் பக்கத்திலா? தம்பி, தலைக்கடியில் இரண்டு போல்ட்டுக்கு ஒரு தகடு வரும், இரண்டு ஓட்டை கொண்டது. மற்ற ஜாயின்ட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாலுசிலிண்டர்:
பார்த்தேன். அந்த இரண்டில் மட்டும் தகடே இல்லை. யாரோ முன்னாள் உரிமையாளர் தொலைத்துவிட்டு, சாதாரண மெல்லிய வாஷர் போட்டிருக்கிறார். நானும் கவனிக்காமல் அப்படியே மாட்டியிருக்கிறேன். போல்ட்டின் மரை முடிந்த இடம் ஃபிளாஞ்சின் (ஜாயின்ட் மாட்டப்படும் எதிர்முகத்தின்) மரையில் போய் முட்டுகிறது. ரெஞ்ச் 42இல் ‘க்ளிக்’ என்றது உண்மைதான், ஆனால் அந்த இறுக்கம் முகத்துக்குப் போகவே இல்லை.

கிரீஸ்கை:
அடடா. நான் சொன்னபடி லாக்டைட் போட்டிருந்தா ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும், மத்த நாலு போல்ட் பாரத்தைச் சுமந்திருக்கும்.

சந்தேகி:
ரெஞ்ச் காட்டிய எண்ணை நம்பிய தாத்தா கட்சிக்கும் அதே கதிதான்.

டார்க் தாத்தா:
ஒப்புக்கொள்கிறேன். தகடு கிடைக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் தம்பி. அந்த இரண்டு போல்ட்டையும் கழித்துவிடுங்கள், ஃபிளாஞ்ச் மரையில் புது போல்ட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள், தடங்கலில்லாமல் போக வேண்டும்.

நாலுசிலிண்டர்:
கையால் ஓட்டினேன், கடைசிவரை போனது. தகடு வந்ததும் மாட்டி, 200 கி.மீ. ஓட்டிக் கோடு பார்த்துவிட்டு, பிறகு 243 போடுகிறேன். கிரீஸ்கை அண்ணன் கோபிக்க வேண்டாம்.

கிரீஸ்கை:
எதுக்குக் கோபம்? பாட்டில் மூடியை மட்டும் சரியா மூடுங்க.