புதுப்பிப்பு: பெருங்குடல் அழற்சியோடு கிளாஸ் 1 மெடிக்கல் கிடைத்தது

மட்டக்களப்பிலிருந்து கேட்டிருந்தேன்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்ணோடு வரும் நீண்டகால அழற்சி) அடங்கி, அதற்கு மெசலசின் என்ற அழற்சி குறைக்கும் மருந்து எடுக்கும் தம்பிக்கு கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது தொழில்முறை விமானிக்கான உடற்தகுதிச் சான்றிதழ், கிடைக்குமா என்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கிடைத்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடல் நிபுணரின் அறிக்கை கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

கைகொடுத்தது, "பயிற்சிக் காசு கட்ட முதல் மெடிக்கலை முடியுங்கோ, 'நலமாக உள்ளார்' என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு போகாதீங்கோ" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். நோய் கண்டறிந்தது, கடைசியாகக் கிளம்பியது, ஸ்டெரொய்ட் நிறுத்தியது, கொலனோஸ்கோபி முடிவு எல்லாம் திகதியோடும், மெசலசின் நாளுக்கு 2.4 கிராம் என்பதும் கடிதத்தில் இருந்தன. பரிசோதித்தவர் முதலில் தேடியது ஸ்டெரொய்ட் நிறுத்திய திகதியை.

எதிர்பாராதது கல்ப்ரோடெக்டின் மலப் பரிசோதனை. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் ஒரு புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சாதாரணம். முதல் முறை 310! நோய் திரும்பவில்லை. முழங்கால் பிசகி ஒரு கிழமை டிக்ளோஃபெனாக் போட்டதுதான் வினை. அந்த வகை வலிமாத்திரைகள் குடலை உறுத்தி இந்த அளவைக் கூட்டும், நோயையும் கிளப்பிவிடலாம். நிறுத்தி நாலு கிழமை கழித்துப் பார்த்தபோது 42. வலிக்குப் பரசிட்டமோலோடு நிற்பது நல்லது. மாதிரியை இங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினால் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கோ. நம்மட வெயிலில் கிடந்தால் எண் குறைந்து வரும், அது பொய் நிம்மதி.

அசதையோபிரின் (நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அந்த மருந்துக்கு இரத்தப் பரிசோதனைகளும் ஒழுங்காக இருக்கவேண்டும்.