சின்னக் கைச்சோடி ஆட்டத்துக்கு 'மானாவாரி' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

போக்கர் சீட்டாட்டத்தில் வரும் 'பாக்கெட் பேர்' என்பதற்குத் தமிழில் 'பைச்சோடி' என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பை எங்கே வந்தது? நமக்கு மட்டும் தெரிகிற இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான். 'கைச்சோடி' போதும்.

எனக்கு அடுத்த சொல்தான் முக்கியம். இரண்டு முதல் ஆறு வரையுள்ள சின்னக் கைச்சோடியோடு குறைந்த பந்தயத்தில் நுழைந்து, அதே எண் களத்தில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டுகளில், விழுந்து மூன்றும் ஒரே எண்ணாக ('செட்') ஆகிறதா என்று பார்ப்பதுதான் 'செட் மைனிங்'. அதற்கு 'செட் அகழ்வு' வேண்டாம். மதுரைக்காரனுக்கு அகழ்வு என்றதும் கீழடி நினைவுக்கு வரும். அங்கே அடுக்கடுக்காக, மாதக்கணக்கில் பொறுமையாகத் தோண்டுகிறார்கள். இங்கே அப்படித் தோண்டினால் கைக்காசு போய்விடும். முதல் மூன்று பொதுச்சீட்டில் வரவில்லையா, சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட வேண்டும்.

'மானாவாரி விதைப்பு' என்று வைப்போம். திருமங்கலம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் புரட்டாசியில் விதைப்பார்கள். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் விதையோடு போகும். காய்ந்த காட்டில் யாரும் மேலும் உரம் கொட்டுவதில்லை.

கணக்கும் பொருந்துகிறது. மீதி 50 சீட்டில் நமக்கு வேண்டியவை இரண்டுதான். முதல் மூன்றில் ஒன்றாவது வர வாய்ப்பு 11.8 விழுக்காடு, அதாவது எட்டரை தடவைக்கு ஒன்று. செட் சேர்ந்தாலும் எதிராளி எல்லாவற்றையும் கொடுத்துவிட மாட்டார். அதனால் விதைச்செலவைப் போல, அதாவது நுழையும் பந்தயத்தைப் போல, 15 மடங்காவது இருவரிடமும் இருக்க வேண்டும்.

போன ஞாயிறு மொட்டைமாடியில் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். என் கையில் நாலும் நாலும். மச்சான் 10 கொட்டை வைத்தார், அவர் முன்னால் மிச்சம் 40தான். கவிழ்த்துவிட்டேன். களத்தில் முதலில் விழுந்ததே ஆட்டின் நாலு! பக்கத்தில் எட்டிப் பார்த்த மகள் "அய்யோ அப்பா" என்றாள். அப்போதும் கவிழ்த்தது சரிதான். ஏழரை தடவைக்கு 75 கொட்டை போய், ஒரு தடவைக்கு அவருடைய 10ம் 40ம் சேர்ந்து 50 வந்தால் எப்படிக் கட்டுபடியாகும்?

ஒரு சிக்கல் உண்டு. 'மானாவாரியாகத் திட்டினான்' என்றால் கண்டபடி என்று பொருள். அதனால்தான் 'விதைப்பு' சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன். 'மானாவாரி ஆட்டம்' என்று சுருக்கினால் கைக்கு வந்ததையெல்லாம் ஆடுவது போலாகிவிடும். உழவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தனியே 'விதைப்பு' மட்டும் போதுமா?