கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை. மறுநாள் கார்த்திகை தீபம் என்று அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. மோர்தானா அணை நிரம்பி வழிகிறது என்று ஏற்கனவே தெரியும். ஆனாலும் நம் வீடு வரைக்கும் வராது என்ற நினைப்பு. இரவில் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில், மேடான இடத்துக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

டார்ச்சைத் தேடி எடுத்தால் உள்ளே பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தது. அகல் ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டு பீரோ சாவியைத் தேடினோம். பட்டா, ரேஷன் கார்டு, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். சாவி கிடைப்பதற்குள் வாசற்படியில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அத்தையின் இன்சுலினையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இன்சுலினை எடுத்தோமே என்று நிம்மதியாக இருந்தேன். ஆபத்தே அங்கேதான் இருந்தது. மறுநாள் காலை, கல்யாண மண்டபத்தில், வழக்கமான நேரத்துக்கு அத்தைக்கு ஊசி போட்டுவிட்டேன். சாப்பாடு இதோ வருகிறது என்றார்கள், வரவில்லை. அத்தைக்கு முதலில் வியர்த்தது, பிறகு கை நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தும் என் கையில் ஒரு மிட்டாய்கூட இல்லை.

பக்கத்து வீட்டு பாய் வீட்டு அக்காதான் காப்பாற்றினார். தன் பையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து, மூன்று ஸ்பூன் அளவு தண்ணீரில் கலக்கி, மெதுவாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் இரண்டு பிஸ்கட் கொடுத்தோம். சோறு கண்ணில் படும் முன்பு ஊசி போடக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் தயவுசெய்து இதை மறக்காதீர்கள். அதே காலையில்தான் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்துபோன செய்தியும் வந்தது. அதில் நான்கு பேர் குழந்தைகள். மண்டபத்தில் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

அந்த அக்காவுக்குப் பிறந்த ஊர் வாணியம்பாடி. 1903 நவம்பரில் பாலாறு ஊருக்குள் புகுந்து சுமார் 200 பேரைக் கொண்டுபோன ஊர் அது. மழைக்காலம் வந்தாலே அவர்கள் வீட்டில் பை கட்டி வைத்துவிடுவார்களாம்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு பை இருக்கிறது. பாப்பாவின் பழைய ஸ்கூல் பைதான். பரணில் போட்டால் இருட்டில் எடுக்க முடியாது, அதனால் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சர்க்கரை, குளுக்கோஸ், பிஸ்கட், அத்தையின் ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச் சீட்டு நகல், பழைய மூக்குக்கண்ணாடி. சான்றிதழ் நகல்கள் ஜிப் கவரில். 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம், ஏனென்றால் மண்டபத்தில் இருந்த மூன்று நாளும் போனில் பணம் அனுப்ப வழியே இல்லை. 1077 (மாவட்டப் பேரிடர் உதவி), 108, 112 எண்களோடு சொந்தக்காரர்கள் எண்களையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நாப்கினும் வைத்திருக்கிறேன். மண்டபத்தில் அதை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பெண்கள் பட்ட பாடு போதும்.

தண்ணீரைத்தான் தூக்க முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றாலும் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர் ஆகிறது. பையில் இரண்டு பாட்டிலும் குளோரின் மாத்திரையும் மட்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் வீட்டில் இரண்டு கேன் நிரப்பி மேலே ஏற்றிவிடுகிறோம்.

இன்சுலின் மட்டும் பிரிட்ஜில்தான் இருக்கிறது. அதை எடுக்க மறக்கக் கூடாது என்று பையின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வீடு சுத்தம் செய்யும்போது பையைக் கொட்டிப் பார்த்து, தேதி முடிந்ததை மாற்றுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருவதால் அது சரியாக இருக்கிறது. போன முறை அக்காவும் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டார்ச்சைத் திறந்து பேட்டரிகளை வெளியே எடுத்து, தனியாக ஒரு கவரில் போட்டு, டார்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.