ராஃபிள்ஸ் லாங் பார்: ஒரு ஸ்லிங்குக்கு 48 வெள்ளி தகுமா?

கடைசி_பேருந்து:
சிங்கப்பூர் வந்தால் ராஃபிள்ஸ் ஹோட்டல் லாங் பாரில் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற ஜின் காக்டெயில் ஒன்று குடித்தே ஆகவேண்டும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எதற்கு? சார்க்கீஸ் சகோதரர்கள் ஹோட்டலைத் திறந்தது 1887. சரி, பழசுதான். ஆனால் நீங்கள் உட்காரும் லாங் பார் 1989-91 புதுப்பிப்பில் ஆர்க்கேட் (ஹோட்டலின் கடைத்தொகுதி) பக்கம் கொண்டுபோய் வைத்தது. பழைய ஹோட்டல், புதிய அறை. பட்டியல் விலை 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்ந்தால் 44. அதன்மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 47.96 வந்துவிடும். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று குடித்தால் 96 வெள்ளி காலி.

அளவுக்குவளை:
கணக்கு சரி, முடிவு தப்பு. பார் இடம் மாறியது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. அங்கே போவது சுவருக்காகவா, கண்ணாடிக் குவளைக்காகவா? ஹோட்டல் பல காலமாகச் சொல்லிவரும் அளவு இது: ஜின் 30 மிலி, செர்ரி பிராந்தி 15, க்வாண்ட்ரோ (ஆரஞ்சு லிக்கர்) 7.5, பெனடிக்டீன் (மூலிகை லிக்கர்) 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சை 15, கிரெனடீன் (சிவப்பு மாதுளைப் பாகு) 10, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்புச் சாரம்) ஒரு சொட்டு. பனிக்கட்டியோடு நன்றாகக் குலுக்க வேண்டும். மேலே நிற்கும் இளஞ்சிவப்பு நுரை அன்னாசிச் சாற்றால் வருவது. புதிதாகப் பிழிந்த சாறு என்றால் நுரை தடித்து நிற்கும். டப்பாச் சாறு சூடாக்கிப் பதப்படுத்தியது, அதனால் நுரை சீக்கிரம் அமுங்கிவிடும். வீட்டில் போட்டுப் பார்த்து "ஹோட்டல் மாதிரி வரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கடைசி_பேருந்து:
அந்த அளவே பழசா என்பதுதான் என் கேள்வி. ஹைனானிய பார்டெண்டர் ஙியாம் டோங் பூன் 1915-இல் உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்வது. இதன் முன்னோடி என்று சொல்லப்படும், 1922-இல் லண்டனில் அச்சான 'ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்' செய்முறையில் ஜின், உலர் செர்ரி பிராந்தி, பெனடிக்டீன், எலுமிச்சை, பிட்டர்ஸ், சோடா. அன்னாசி எங்கே? 1930-இல் வந்த லண்டன் சவோய் ஹோட்டலின் காக்டெயில் புத்தகத்தில் சிங்கப்பூர் ஸ்லிங் இன்னும் சுருக்கம்: ஜின் ஒரு பங்கு, செர்ரி பிராந்தி இரண்டு பங்கு, கால் எலுமிச்சைச் சாறு, குலுக்கி வடித்து மேலே சோடா. அதிலும் அன்னாசி இல்லை. குவளையில் பாதிக்கு மேல் அன்னாசிச் சாறு ஊற்றிவிட்டு 'அசல்' என்றால் எப்படி?

அளவுக்குவளை:
நல்ல கேள்வி. 'உலர் செர்ரி பிராந்தி' என்றதே பெரிய வழக்கு. ஹீரிங் போன்ற சிவப்பு இனிப்பு லிக்கரா, நிறமும் இனிப்பும் இல்லாத கிர்ஷா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கிர்ஷ் ஊற்றினால் நிறம் வராது, இளஞ்சிவப்புக் கதையே போச்சு. பொது இடத்தில் பெண்கள் மது குடிப்பது அழகல்ல என்றிருந்த காலத்தில் பழச்சாறு போலத் தெரியவேண்டும் என்றுதானே இந்த நிறம் என்கிறார்கள்!

அசல் என்ற சொல்லை நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் பழச்சாறு என்று ஏமாற வேண்டாம். 40 விழுக்காடு ஜின் 30 மிலியில் 12 மிலி சாராயம். செர்ரி பிராந்தி, க்வாண்ட்ரோ, பெனடிக்டீன் மூன்றும் சேர்ந்து இன்னும் 9 மிலிக்கு மேல். இரண்டு குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள். இங்கே வரம்பு 100 மிலி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம்.

பால்மரத்துப்_பேத்தி:
இரண்டு பேரும் குவளைக்குள்ளேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் தலையை நிமிர்த்துங்கள். அந்த அறையின் அலங்காரம் 1920-களின் மலாயாத் தோட்டத்தைக் காட்டுவதற்காக அமைத்தது. கூரையில் பனையோலை விசிறி வரிசையாக முன்னும் பின்னும் ஆடும். இப்போது மோட்டார், அன்றைக்குக் கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள். அந்தத் தோட்டத்தில் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனது யார்? லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த நம் ஆட்கள். துரைக்கு ஜின், கூலிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. அந்தப் பாதியைச் சொல்லாமல் துரையின் நாற்காலியை மட்டும் வாடகைக்கு விடுகிறார்கள். 48 வெள்ளி பெரிதில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அளவுக்குவளை:
இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. போகாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

கடலைத்தோல்:
போகிறவர்களுக்குக் காரியமாக நாலு வார்த்தை. பீச் ரோட்டு முகப்பில் தலைப்பாகைக் காவலரோடு படம் எடுத்துவிட்டு உள்ளே நுழையப் பார்க்காதீர்கள். அந்த லாபி தங்குபவர்களுக்கு. பார் ஆர்க்கேட்டில் இரண்டாம் தளம், நார்த் பிரிட்ஜ் ரோடு பக்கம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். முன்பதிவு கிடையாது, வரிசைதான். பகலில் திறந்த கையோடு போய்விட்டால் நல்லது. சாயங்காலம் வரிசை படிவரை வரும்.

மேசையில் சாக்குப்பையில் கடலை இருக்கும். தோலைத் தரையில் போடலாம், போடத்தான் வேண்டும். அதே தோலைத் தெருவில் போட்டால் 300 வெள்ளி அபராதம். தோல் மிதிபட்டு வழுக்கும், குதிகால் செருப்போடு சுழல்படி ஏறாதீர்கள். கடலை ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமே வேண்டாம், தூள் காற்றிலேயே இருக்கும்.

கடைசி_பேருந்து:
கடலை இலவசம் என்பதை யாரும் முதலில் சொல்லவில்லையே. 96-இல் அதைக் கழிக்கலாமா அண்ணே?

கடலைத்தோல்:
கழிக்கலாம். ஆனால் உப்புக் கடலை, தாகம் எடுக்கும். இரண்டாவது ஸ்லிங் அப்படித்தான் விற்கிறது.